சேவ் ஆகிறது, மெசேஜ் வரவில்லை

ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றுக்கு ஏஎஸ்பி டாட் நெட்டில் ஆள்சேர்ப்புப் படிவம் எழுதினோம். மற்றவர்களுக்கு ஒழுங்காக ஓடியது. அஞ்செட்டிப் பக்கத்துப் பிள்ளைகள் சிலருக்கு மட்டும் ‘பதிவு முடிந்தது’ மெசேஜ் வரவில்லை. பதிவு ஆகியிருக்கும், தெரியாமல் திரும்பத் திரும்ப அழுத்துவார்கள். முகவரியில் ‘உரிகம்’ என்று அடித்து, என்டர் தட்டி, ‘அஞ்செட்டி’ என்று எழுதியிருந்தார்கள். மெசேஜில் முகவரியையும் சேர்த்திருந்தோம். அந்த என்டர் ஜாவாஸ்கிரிப்ட் வரியை நடுவில் உடைத்துவிட்டது.

செய்ய வேண்டியவை

• சர்வரால் பிரௌசரில் இருக்கும் ஃபங்ஷனை நேராகக் கூப்பிட முடியாது. கூப்பிடும் வரியைப் பக்கத்தில் எழுதி அனுப்பத்தான் முடியும். ஆகவே முதலில் வியூ சோர்ஸில் அந்த வரியைத் தேடுங்கள். இல்லையென்றால் கோளாறு சர்வர் பக்கம். இருந்தும் ஓடவில்லையா, எஃப்12 அழுத்தி, கன்சோலில் சிவப்பாக வருவதை நிதானமாகப் படியுங்கள். பாதி வேலை அங்கேயே முடியும்.

• பயனர் எழுதியதை ஜாவாஸ்கிரிப்ட்ஸ்ட்ரிங்என்கோட் வழியாகவே அனுப்புங்கள். என்டர், மேற்கோள் குறி எல்லாம் அடங்கும். அந்த வரிக்குள் வேண்டாத கோடை யாரும் நுழைக்கவும் முடியாது.

• பட்டன் அப்டேட்பேனலுக்குள் இருந்தால் க்ளையன்ட்ஸ்கிரிப்டை விட்டு ஸ்கிரிப்ட்மேனேஜரில் பதியுங்கள். அப்போது வியூ சோர்ஸில் வரி தெரியாது. நெட்வொர்க் டேபில் பாருங்கள்.

• பக்கத்தில் உள்ள பெட்டிகளைத் தொடும் ஸ்கிரிப்டுக்கு ரெஜிஸ்டர்ஸ்டார்ட்அப்ஸ்கிரிப்ட். அது ஃபார்ம் முடியும் இடத்தில் அமரும். ரெஜிஸ்டர்க்ளையன்ட்ஸ்கிரிப்ட்பிளாக் ஃபார்மின் தொடக்கத்திலேயே ஓடிவிடும். பெட்டிகள் அப்போது வந்திருக்காது.

செய்யக்கூடாதவை

• ஒரே கீயில் இரண்டு ஸ்கிரிப்ட் பதியாதீர்கள். இரண்டாவது சத்தமில்லாமல் விழுந்துவிடும்.

• ஸ்கிரிப்டைப் பதிந்த கையோடு ரெஸ்பான்ஸ் டாட் ரீடைரக்ட் வேண்டாம். அந்தப் பக்கமே போய்ச் சேராது.

• ஆபீஸ் வைஃபையில் ஓடியதை வைத்து ‘முடிந்தது’ என்று சொல்லாதீர்கள். காடும் மலையுமான இடங்களில் சிக்னல் ஒரு கோடுதான். வெளி சர்வரிலிருந்து வரவேண்டிய ஜேகுவரி வராமல் போனால், அதை நம்பிய ஃபங்ஷன் அத்தனையும் நின்றுவிடும். ஃபைலை உங்கள் சர்வரிலேயே வையுங்கள். எஃப்12-இல் நெட்வொர்க் வேகத்தைக் குறைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

• ‘ரெஃப்ரெஷ் பண்ணிப் பாரும்மா’ என்று சொல்லவே சொல்லாதீர்கள். படிவம் மறுபடி போய்ச் சேரும். எங்களிடம் அப்படி மூன்று முறை பதிவான ஒரு பெண், எந்தப் பதிவு செல்லும் என்று கேட்க, தேன்கனிக்கோட்டை வழியாகப் பஸ் பிடித்து ஓசூர் வரை வந்தாள்.