ஊசியும் சங்கமும்
அலபாமாக் கிராமப் பெண்களின் ஒட்டுப்போர்வைக் கூட்டுறவு பற்றிய பாடம்

பழந்துணிகளைச் சேர்த்துப் போர்வை தைப்பதும், தலையணை உறையில் பூவேலை செய்வதும், பண்டிகைக் காலத்தில் பரிசாகக் கொடுக்கச் சிறு பொருள்கள் செய்வதும் பெண்களின் ஓய்வுநேர வேலைகள் என்றே பெரும்பாலோர் கருதுகின்றனர். அவ்வேலைக்குக் கூலி கணக்கிடும் வழக்கம் இல்லை. ஆகவே சந்தையில் அதற்குத் தக்க விலையும் கிடைப்பதில்லை. கைத்திறன் எவ்வளவு இருந்தபோதிலும், விற்பனையை ஒழுங்கு செய்யும் ஸ்தாபனம் ஒன்று இல்லாவிடில் அத்திறன் குடும்பத்திற்கு வருமானமாக மாறாது. இவ்வுண்மையை அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள அலபாமா மாகாணத்துக் கிராமப் பெண்களின் சரித்திரம் நன்கு விளக்குகிறது. அவர்கள் 1966-ஆம் ஆண்டில் நிறுவிய சங்கம் வளர்ந்த விதமும், 2012-ஆம் ஆண்டில் மூடப்பட்ட விதமும் நம் சங்க அங்கத்தினர் அனைவரும் அறியத்தக்கவை.

ஊரின் நிலைமை

அலபாமா ஆறு வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்திருக்க, நடுவே அமைந்த ஊர் ஜீஸ் பெண்ட். இது வில்காக்ஸ் ஜில்லாவைச் சேர்ந்தது. அங்கு வசிப்போர் பெரும்பாலும் பருத்தித் தோட்டங்களில் அடிமைகளாயிருந்த ஆப்பிரிக்க வம்சத்தாரின் சந்ததியார். 1865-ஆம் ஆண்டில் அடிமைத்தனம் ஒழிந்த பின்னும் அவர்களுக்கு நிலம் சொந்தமாகவில்லை. பிறர் நிலத்தைக் குத்தகைக்கு உழுது, விதைக்கும் உணவுக்கும் வியாபாரியிடம் கடன் வாங்கி, விளைந்த பருத்தியை அவனிடமே அளந்து வந்தனர்.

1932-ஆம் ஆண்டில், கடன் கொடுத்திருந்த வியாபாரி ஒருவர் இறந்துபோகவே, அவருடைய வாரிசுகள் பாக்கியை ஒரேயடியாக வசூலிக்க முற்பட்டனர். சுமார் 60 குடும்பங்களின் கால்நடைகளும் கருவிகளும் தானியமும் பறிமுதலாயின. செஞ்சிலுவைச் சங்கம் அனுப்பிய உணவுப் பொருள்களைக் கொண்டே அவர்கள் அக்காலத்தைக் கடத்தினர். தனி ஒருவரிடம் பட்ட கடனுக்கு ஊரே அடிமையாவதன் பயன் இதுவென்பதை நம் நாட்டுக் குடியானவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை.

பின்னர் அமெரிக்க மத்திய அரசாங்கம் அங்குப் புனருத்தாரண வேலையைத் தொடங்கிற்று. தோட்ட நிலங்களை வாங்கிப் பிரித்து, வீடுகளும் பள்ளிக்கூடமும் கூட்டுறவுக் கடையும் பருத்தி அரைக்கும் ஆலையும் ஏற்படுத்தி, 1940-களில் நிலத்தைக் குறைந்த வட்டிக் கடனில் குடிகளுக்கே விற்றது. அவ்விதம் நிலம் பெற்றவர்கள் பிற்காலத்துத் துன்பங்களிலும் இடம்பெயராமல் நிலைத்தனர்.

போர்வை தைக்கும் முறை

இங்கு ஒட்டுப்போர்வை என்று நாம் கூறுவது மூன்று அடுக்குள்ள போர்வையாகும். மேலடுக்கு, துண்டுத் துணிகளை ஒட்டுச் சேர்த்துத் தைத்தது. நடுவில் பஞ்சு. கீழே ஒரே விரிப்பான உள்துணி. இம்மூன்றும் நழுவாதபடி மேலிருந்து கீழ்வரை ஊடுருவிச் செல்லும் சிறு தையல்களால் பிணைக்கப்படும். மரச்சட்டத்தில் போர்வையை இழுத்துக் கட்டி, பல பெண்கள் சுற்றிலும் அமர்ந்து தைப்பது வழக்கம்.

ஜீஸ் பெண்ட் பெண்கள் கிழிந்த வேலை உடுப்புகளையும் மாவுச் சாக்குகளையுமே மேல்துணியாகக் கொண்டனர். குளிர் நுழையும் மரவீட்டில் குழந்தைகளைக் காப்பதே அவர்களுடைய முதல் நோக்கம். 'வீட்டுக்கூரை' என்று அவர்கள் வழங்கும் அமைப்பு எளியது: நடுவில் ஒரு சதுரத் துண்டை வைத்து, அதன் நான்கு பக்கமும் நீளத் துண்டுகளை ஒட்டி, மேலும் மேலும் சுற்றிக்கொண்டே போகவேண்டும். துணி உள்ளவரை போர்வை வளரும்.

இதை முயல விரும்புவோர் கவனிக்கவேண்டியவை வருமாறு:

1. எல்லாத் துணிகளையும் முன்னரே துவைத்து உலர்த்தவேண்டும். சாயம் போகும் துணியும் சுருங்கும் துணியும் அப்போதே தெரிந்துவிடும்.
2. நைந்த பாகத்தை நீக்கி, உறுதியான பாகத்தை மட்டும் வெட்டவேண்டும். கனமான துணியையும் மெல்லிய துணியையும் ஒரே போர்வையில் கலத்தல் ஆகாது. மெல்லியது முதலில் கிழியும்.
3. ஓரத்திலிருந்து கால் அங்குலம் விட்டு எங்கும் ஒரே அளவாகத் தைக்கவேண்டும். இவ்வளவு தவறினால் துண்டுகள் பொருந்தா.
4. பஞ்சைச் சமமாகப் பரப்பவேண்டும். பிணைப்புத் தையல் வரிசைகள் அதிக இடைவெளியின்றி இருந்தால், துவைக்கும்போது பஞ்சு ஓரிடத்தில் திரளாது.

சங்கம் அமைந்த விதம்

1960-களில் கறுப்பின மக்கள் வாக்குரிமை கோரியபோது, வாக்காளராகப் பதிவு செய்துகொண்டவர் பலர் வேலையும் குத்தகையும் குடியிருப்பும் இழந்தனர். ஜீஸ் பெண்டிலிருந்து ஜில்லாத் தலைநகரான கேம்டனுக்கு ஆற்றைக் கடக்க உதவிய ஓடமும் 1962-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. அது மீண்டும் ஓடியது 2006-ஆம் ஆண்டில்தான். இடைக்காலமெல்லாம் சுமார் 40 மைல் சுற்றியே அவ்வூருக்குப் போகவேண்டியிருந்தது.

இந்நிலையில், 1965-ஆம் ஆண்டின் இறுதியில் அப்பக்கம் சென்ற பிரான்சிஸ் வால்டர் என்னும் பாதிரியார், கொடியில் உலர்த்தியிருந்த போர்வைகளைக் கண்டு, அவற்றின் அழகை உணர்ந்தார். ஒன்றுக்குப் 10 டாலர் வீதம் கொடுத்துப் பல போர்வைகளைச் சேகரித்து, நியூயார்க் நகரில் ஏலம்விட ஏற்பாடு செய்தார். 1966-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அப்பெண்கள் ஒன்றுகூடி, 'பிரீடம் குவில்டிங் பீ' என்னும் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினர். 'விடுதலைப் போர்வைத் தையற்கூட்டம்' என்று அப்பெயரைப் பொருள் கொள்ளலாம். எஸ்டெல் விதர்ஸ்பூன் என்னும் அம்மையார் நெடுங்காலம் அதன் நிர்வாகத்தை நடத்தினார்.

சங்கம் ஈட்டிய பணத்தில் 23 ஏக்கர் நிலம் வாங்கிற்று. அதில் ஒரு பகுதியை, வாக்காளராகப் பதிவு செய்ததற்காக வெளியேற்றப்பட்ட குடும்பங்களுக்கு மனைகளாக விற்றது. 1969-ஆம் ஆண்டில் மார்ட்டின் லூதர் கிங் பெயரால் தையற்கூடம் ஒன்றும் எழுந்தது. அங்கத்தினரின் பிள்ளைகளைப் பகலில் பராமரிக்கும் இடமும் பின்னர் ஏற்பட்டது. ஊசி முனையில் வந்த பணம் வீட்டு மனையாயிற்று என்பதே இச்சங்கத்தின் பெருஞ்சாதனை.

தரமும் விலையும்

நியூயார்க்கின் 'ப்ளூமிங்டேல்ஸ்' போன்ற பெரிய கடைகள் போர்வை வாங்க முன்வந்தன. ஆனால் அவை ஒரே அளவும் ஒரே அமைப்பும் நுண்ணிய தையலும் வேண்டின. தன் எண்ணப்படி துண்டுகளை அமைத்துவந்த பெண், கடை கேட்டபடி தைக்கக் கற்றுக்கொண்டாள். வருமானம் வந்தது, சொந்தக் கற்பனைக்கு இடம் குறைந்தது. பெரிய போர்வை வாங்க இயலாதவர்களுக்காகச் சமையலறை மேலாடை, வெயில் தொப்பி, சூடான பாத்திரம் பிடிக்கும் துணி முதலிய சிறு பொருள்களையும் சங்கம் செய்தது.

விலை நிர்ணயிக்கும் முறையை ஓர் உதாரணத்தால் காண்போம். ஒரு போர்வைக்குத் துணி 400 ரூபாய், பஞ்சு 300 ரூபாய், நூல் 50 ரூபாய், ஆகப் பொருட்செலவு 750 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வேலை 60 மணி நேரம். மணிக்கு 40 ரூபாய் வீதம் கூலி 2,400 ரூபாய். ஆக அடக்கம் 3,150 ரூபாய். சங்கச் செலவுக்கும் சேமநிதிக்கும் நூற்றுக்குப் பத்து, அதாவது 315 ரூபாய் சேர்த்தால், விற்பனை விலை 3,465 ரூபாய். இதையே வாசலுக்கு வரும் தரகரிடம் 1,000 ரூபாய்க்குக் கொடுத்தால், பொருட்செலவு போக 250 ரூபாய் மிஞ்சும். மணிக்கு நான்கு ரூபாய் சொச்சமே கூலி. கணக்கு எழுதாதவரை இந்நஷ்டம் கண்ணுக்குத் தெரியாது.

சங்கம் தளர்ந்த விதம்

1972-ஆம் ஆண்டு முதல் 'சியர்ஸ்' என்னும் பெருங்கடைக்கு, வரிவரியான 'கார்டுராய்' துணியில் தலையணை உறை தைத்துக் கொடுக்கும் ஒப்பந்தம் கிடைத்தது. ஒழுங்கான கூலி வந்தது. மீந்த துண்டுகளைப் பெண்கள் வீட்டிற்குக் கொண்டுபோய்த் தம் விருப்பப்படி போர்வைகள் தைத்தனர். ஆயினும் ஒப்பந்த வேலையை நம்பிய ஸ்தாபனம், வாங்குவோர் குறையும்போது தளராதிருப்பது அரிது. காலப்போக்கில் ஆர்டர்கள் குறைந்தன. மூத்த அங்கத்தினர் ஒருவர்பின் ஒருவராக மறைந்தனர். அவர்களுடைய இடத்தை நிரப்ப இளையோர் போதிய அளவில் வரவில்லை. 2012-ஆம் ஆண்டில் சங்கம் மூடப்பட்டது.

இதற்கிடையே, 2002-ஆம் ஆண்டில் ஹூஸ்டன் நகரத்துக் கலைக்காட்சிசாலையிலும், பின்னர் நியூயார்க்கின் விட்னி கலைக்காட்சிசாலையிலும் ஜீஸ் பெண்ட் போர்வைகள் வைக்கப்பெற்று உலகப் புகழ் அடைந்தன. 2006-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தபால் இலாகா அவற்றின் படங்களைத் தபால் தலைகளில் வெளியிட்டது. இவ்விதம் கொண்டாடப்பட்டவை, கடைகளின் அளவுக்குத் தைத்தவை அல்ல. அப்பெண்கள் தத்தம் குடும்பத்திற்காகத் தம் மனம்போல் தைத்தவை. 2003-ஆம் ஆண்டில் அவ்வூரில் போர்வை தைப்போரின் புதிய அமைப்பு ஒன்றும் தோன்றியது.

ஆகவே சங்கம் தொடங்குவோர் மூன்று காரியங்களை மறத்தல் கூடாது. ஒருவரையே நம்பாமல் பலருக்கு விற்கவேண்டும். அங்கத்தினரின் சொந்தக் கைவண்ணத்தையும் விலைப்பொருளாக்கவேண்டும். ஒவ்வோர் ஆண்டும் இளையோர் சிலரையேனும் பழக்கிச் சேர்க்கவேண்டும்.

சங்கக் கூட்டத்தில் ஆலோசிக்கத்தக்க வினாக்கள்

1. நம் கிராமத்தில் தையலும் பூவேலையும் அறிந்த பெண்கள் எத்தனை பேர்? அவர்களுள் நம் சங்க அங்கத்தினர் எத்தனை பேர்?
2. அவர்கள் செய்யும் ஒரு பொருளுக்கு எத்தனை மணி நேரம் ஆகிறதென்று எவரேனும் எழுதி வைத்திருக்கின்றனரா?
3. பொங்கல், தீபாவளி, கிறிஸ்துமஸ், ரம்ஜான் ஆகிய பண்டிகைகளுக்குப் பரிசாக விற்கக்கூடிய சிறு பொருள்கள் எவை? அவற்றை எந்த மாதத்தில் தைக்கத் தொடங்கவேண்டும்?
4. இன்று நம் பொருளை வாங்குபவர் நாளை வாங்க மறுத்தால், அடுத்தபடி யாரிடம் செல்வோம்?

நான்காவது வினாவிற்கு விடை கிடைத்த பின்னரே பெரிய ஒப்பந்தம் எதிலும் கையெழுத்திடுதல் நலம்.