மொழியைப் படைத்தவரின் நிரலே நல்லாசான்

நிரல்மொழியின் இலக்கணத்தைக் கற்றவர், அதன் மரபுநடையை, அதாவது தேர்ந்தவர்கள் அம்மொழியில் இயல்பாக எழுதும் முறையை அறிய, அம்மொழியைப் படைத்தவர்களின் நிரலைப் படிப்பது பயன்தரும்.

• 2009-இல் வெளியிடப்பட்ட கோ மொழியின் செந்தர நூலகம், அதாவது மொழியுடனேயே வழங்கப்படும் ஆயத்த நிரல்களின் தொகுப்பு, எவரும் படிக்கத் திறந்தே இருக்கிறது.

• அம்மொழியை உருவாக்கிய மூவருள் ஒருவரான ராப் பைக், அந்நூலகத்தில் வார்ப்புருக்களுக்காக எழுதிய சொற்பகுப்பியில், அதாவது உரையைச் சிறு கூறுகளாகப் பிரிக்கும் நிரலில், ஒவ்வொரு நிலையும் ஒரு செயற்கூறாக அமைந்து, அடுத்த நிலைக்குரிய செயற்கூற்றையே விடையாகத் தருவதைக் காணலாம்.

• இத்தகைய நிரலைப் படிப்பதற்கு முன் அது செய்யும் பணியைத் தாமே எழுதிப் பார்த்து, பின்னர் பெயர்களின் சுருக்கத்தையும் பிழைகளைக் கையாளும் முறையையும் வரிவரியாக ஒப்பிடுபவருக்கு, வேறு மொழியிலிருந்து தம்மையறியாமல் கொண்டுவந்த பழக்கங்கள் புலப்படும்.