தேடாமல் கிடைத்த காட்சி

நுழையும்முன்

ஒளிப்படக் கருவி தன்முன் உள்ள அனைத்தையும் பதிவுசெய்யும். மனிதக் கண்ணோ பெரும்பாலும் தான் தேடி வந்ததை மட்டுமே காணும். தேடாத பொருளையும் காணக் கண்ணைப் பழக்குவது எவ்வாறு? பிச்சாவரத்தின் வழியே அறிவோம்.

கடலூர் மாவட்டத்தில், சிதம்பரத்திற்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே அமைந்துள்ளது பிச்சாவரம் அலையாத்திக் காடு. வலசை வரும் பறவைகளைப் படமெடுக்கப் பலரும் இங்குப் படகில் செல்வர். நாரை எழும் நொடிக்காக வானையே நோக்கியிருப்பர். நாரை எழாத பொழுதில் பார்வையைச் சற்றே தாழ்த்தினால் வேறோர் உலகம் புலப்படும்.

நீர் வடிந்த சேற்றில் விரலளவுச் சிறுநண்டு ஒன்று, உடலளவுக்குப் பெருத்த ஒற்றைக் கொடுக்கை உயர்த்தி உயர்த்தி அசைக்கும். அது பெண்நண்டை அழைக்கும் ஆண்நண்டு. அது தோண்டும் வளை வழியே சேற்றுக்குள் காற்று புகுகிறது. மரத்தின் வேர் உயிர்க்கிறது.

பச்சைக் கிளைகளின் நடுவே சில இலைகள் பூவோ என ஐயுறும்படி சிவந்திருக்கும். அது தில்லை மரம். அதன் முதிர்ந்த இலைகள் உதிருமுன் சிவக்கும். சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பெயரைத் தந்தது இம்மரமே. இதன் பால் கண்ணில் பட்டால் ஊறு செய்யும். ஆதலின் தள்ளி நின்றே படமெடுத்தல் வேண்டும்.

காட்டின் சில பகுதிகளில் மரங்கள் வரிசையாக நிற்கும். இயற்கை இவ்வாறு நேர்க்கோடு வரையுமா என்னும் ஐயம் அங்கே எழவேண்டும். ஆங்கிலேயர் காலம் தொட்டு இக்காடு பகுதி பகுதியாக முற்றிலும் வெட்டப்பட்டது. வெயில் பட்ட நிலம் தாழ்ந்தது. புகுந்த கடல்நீர் தேங்கி வற்றியது. உப்பு மிகுந்து கன்றுகள் முளைக்கவில்லை. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் இணைந்து, மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டி, அவற்றின் ஓரங்களில் கன்றுகளை நட்டனர். அறியாதார்க்கு அது வெறும் மரவரிசை. அறிந்தார்க்கு, இழந்த காட்டை மீட்டதன் சான்று.

எதிர்பாராத காட்சி கிடைத்ததும் ஆசை பெருகும். படத்துக்காகக் கூட்டருகே படகைச் செலுத்துவதும் கிளையை ஒடிப்பதும் தகா. தாய்ப்பறவை அஞ்சி அகன்றால் முட்டைகள் வெயிலுக்கும் காகத்திற்கும் இரையாகும். அத்தகைய இடத்தில் படமெடுக்காமல் திரும்புவதே இக்கலையின் அறம்.

பொறுமை காட்சியைக் கண்முன் நிறுத்தும். அறிவு அதன் பொருளை உணர்த்தும். இவ்விரண்டும் உடையவர்க்கு உங்கள் ஊர் ஏரிக்கரையும் போதும்.

தெரிந்து தெளிவோம்

மா. கிருஷ்ணன் (1912–1996), எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன், காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்த கலைஞர். ஸ்டேட்ஸ்மன் இதழில் 1950 முதல் தம் இறுதிக்காலம் வரை இயற்கை குறித்து எழுதிய அவர், நாள்தோறும் காணும் எளிய உயிர்களையும் ஆழ்ந்து நோக்கினார். பத்மஸ்ரீ விருதும் பெற்றார்.