காஸ்பரா என்னும் கல்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. (இயற்பியல்)

முன்னுரை

என் தந்தையார் கல்லுடைக்கும் தொழிலாளி. சென்ற விடுமுறையில் சிறுகோள்களைப் பற்றிய நூலொன்றைப் படித்துக்கொண்டிருந்தேன். அதிலிருந்த படத்தைப் பார்த்த அவர், "கல்லைப் பத்திப் படிக்கவா உன்னைக் காலேஜுக்கு அனுப்பினேன்?" என்று கேட்டார். அக்கேள்விக்கு விடையே இக்கட்டுரை.

கண்டவரும் கணக்கும்

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே இலட்சக்கணக்கான சிறுகோள்கள் கதிரவனைச் சுற்றி வருகின்றன. அக்கூட்டத்தின் உட்பகுதியில் உள்ளது காஸ்பரா. அதன் வரிசை எண் 951. கிரிமியாவிலுள்ள சிமெயிஸ் வானாய்வகத்தில் 1916இல் நியூயிமின் என்னும் உருசிய வானியலார் இதனைக் கண்டறிந்தார். காஸ்பரா என்பது கிரிமியாவிலுள்ள ஓர் ஊரின் பெயர். கோளின் நீளம் சுமார் 18 கி.மீ.; ஏறத்தாழ 7 மணி நேரத்தில் தன்னைத்தானே ஒரு முறை சுற்றிக்கொள்கிறது.

வகுப்பில் படித்த கெப்ளரின் மூன்றாம் விதியை இங்கே பொருத்திப் பார்ப்போம். கதிரவனிடமிருந்து காஸ்பராவின் சராசரித் தொலைவு, புவியின் தொலைவைப்போல் 2.21 மடங்கு. இதன் மும்மடி 10.79, அதன் வர்க்கமூலம் 3.28. ஆகவே அங்கு ஓராண்டு என்பது நமக்கு 3.28 ஆண்டுகள். நூலிலும் அவ்விடையே இருக்கக் கண்டு மகிழ்ந்தேன்.

கலிலியோ கண்ட காட்சி

1991 அக்டோபர் 29 அன்று, வியாழனை நோக்கிச் சென்ற கலிலியோ விண்கலம் இதனைச் சுமார் 1,600 கி.மீ. தொலைவில் கடந்தது. சிறுகோள் ஒன்றை விண்கலம் நெருங்கிக் கண்டது அதுவே முதன்முறை. ஆனால் கலத்தின் குடை போன்ற பெரிய ஆண்டெனா முழுமையாக விரியவில்லை. சிறிய ஆண்டெனா வழியே நொடிக்கு 40 பிட்டுகளே அனுப்ப முடிந்தது. படம் ஒன்று வந்து சேர நாட்கள் பிடித்தன. எஞ்சியவை, 1992இல் கலம் மீண்டும் புவியை நெருங்கியபோது கிடைத்தன.

கல் சொல்லும் வயது

கோணல்மாணலான அதன் உருவம், பெரியதொரு கோள் மோதலில் உடைந்த துண்டு அது என்பதைக் காட்டியது. மேற்பரப்பில் 600க்கும் மேற்பட்ட சிறு பள்ளங்களை எண்ணினர், பெரும்பள்ளங்கள் குறைவு. காலம் செல்லச் செல்ல மோதல்களால் பள்ளங்கள் பெருகும். அவை குறைவாயின், பரப்பு இளமையானது எனலாம். இவ்வாறு அப்பரப்பின் வயதைச் சுமார் 20 கோடி ஆண்டுகள் என மதிப்பிட்டனர். சூரியக் குடும்பத்தின் வயதோ ஏறத்தாழ 450 கோடி!

முடிவுரை

இவற்றைத் தந்தையாரிடம் விளக்கினேன். "உடைஞ்ச முகத்தைப் பார்த்தாலே பழசா புதுசான்னு தெரிஞ்சிடுமே, இதுக்கா ராக்கெட்டு?" என்றார். எனக்கு மறுமொழி தோன்றவில்லை. அவர் கண்ணால் அறிவதைக் கணக்கால் அறிய நான் இப்போதுதான் கற்கிறேன். கல்லைப் படிப்பதில் எங்கள் குடும்பத்தில் முதல்வன் நானல்லன் என்பது மட்டும் அன்று புரிந்தது.