கம்பி எந்த வழியாக ஏறினால் என்ன?

கேள்வி: முதல் எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கப் போனேன். ஒன்றில் கம்பிகளை உடலின் பின்பக்கத்திலிருந்து துளை வழியே கோத்திருக்கிறார்கள். அதே விலையுள்ள இன்னொன்றில் பிரிட்ஜின் பின்விளிம்பிலேயே மாட்டியிருக்கிறார்கள். பின்னாலிருந்து கோத்தால் கம்பி விறைப்பாக நிற்கும், நாதமும் நீளும் என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?

பதில்: விறைப்புக் கதையை நம்ப வேண்டாம். கம்பியின் கனம், நட்டுக்கும் சேடிலுக்கும் இடையிலுள்ள நீளம், வைக்கும் சுருதி இவைதான் இழுவிசையைத் தீர்மானிக்கின்றன. சேடிலைத் தாண்டியபின் கம்பி உடலுக்குள் இறங்கினாலும் நேராகப் போனாலும் அது மாறாது. மாறுவது சேடில் மேல் கம்பி மடங்கும் கோணம். பின்னாலிருந்து கோத்த கம்பி செங்குத்தாக மடங்குவதால் சேடிலை நன்றாக அழுத்தும். ஓங்கி அடித்தாலும் இடம் பெயராது. கோணம் மிகவும் தட்டையானால் கம்பி சேடிலில் அதிர்ந்து இரையும்.

நாதம்? ஒழுங்காகச் செய்த இரண்டு கிட்டார்களைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பிரித்துச் சொல்பவர் அபூர்வம். டெலிகாஸ்டரில் பின்வழியைப் பிரபலமாக்கிய ஃபெண்டரே 1958-59இல் அதைக் கைவிட்டு, பிரிட்ஜிலேயே கம்பி மாட்டிச் சில கிட்டார்களைச் செய்தது. பிறகு பழைய வழிக்கே திரும்பியது. அந்த இடைக்காலக் கிட்டார்களைத் தேடி வாங்குகிறவர்கள் இன்றும் உண்டு.

ஸ்ட்ராட்டோகாஸ்டரைப் பார்த்துக் குழம்பிவிடாதீர்கள். அதிலும் பின்னாலிருந்துதான் கம்பி ஏறுகிறது. ஆனால் ட்ரெமலோ உள்ள மாடலில் கம்பியின் குண்டுமுனை போய் உட்காருவது மரத்தில் அல்ல, ஸ்பிரிங்குகள் பிடித்திழுக்கும் ஓர் உலோகக் கட்டியில். கிப்சன் 1954இல் கொண்டுவந்த ட்யூன்-ஓ-மாட்டிக் பிரிட்ஜோடு வரும், கம்பி மாட்டும் தனிப் பட்டையை ஏற்றி இறக்கலாம். அதாவது மடங்கும் கோணம் உங்கள் கையில். எனக்குப் பிடித்த ஏற்பாடு அதுதான்.

ஃப்ளாய்ட் ரோஸ் ட்ரெமலோ மட்டும் இப்போது வேண்டாம். வழக்கமான அமைப்பில் குண்டுமுனையை வெட்டியெறிந்து, கம்பியை ஆலன் கீயால் இறுக்க வேண்டும். ஒரு கம்பி அறுந்தால் மற்ற ஐந்தும் சுருதி விலகும். மேடையில் அது பெரிய தொல்லை.

நீங்கள் சொன்ன இரண்டில் எதுவும் சரி. சேடிலில் பிசிறு இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். மூன்றாம் கம்பியை நன்றாக வளைத்து விடுங்கள். சுருதி இறங்கி நின்றால் கம்பி நட்டில் சிக்குகிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.