குடிநீர்ப் பக்குவம்

குடிநீர் என்னும் சொல் இக்காலத்தில் கிணற்றினின்றும் குழாயினின்றும் பெறும் பருகுநீரையே பெரும்பாலும் குறிக்கின்றது. ஆயின், தமிழ் மருத்துவ நூலார் அச்சொல்லை மற்றொரு பொருளிலும் வழங்கினர். இலை, பூ, விதை, பட்டை, வேர் முதலியவற்றை நீரிலிட்டுக் காய்ச்சி, அவற்றின் சத்தினை நீரில் இறங்கச் செய்து பருகும் மருந்திற்கும் குடிநீர் என்பதே பெயர். இதனை வடமொழியாளர் கஷாயம் என்பர். மக்கள் வழக்கில் அது கசாயம் என்றும் கியாழம் என்றும் வழங்கும். சித்த மருத்துவ நூல்கள் உள்ளுக்குக் கொடுக்கும் மருந்துகளை 32 வகையாகப் பகுத்துள்ளன. அவற்றுள் குடிநீரும் ஒன்று.

இத்தகைய மருந்துகளோடு தமிழ்மக்கள் எத்துணை நெருங்கிப் பழகினர் என்பதற்கு அவர்தம் நூற்பெயர்களே சான்றாகும். பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் திரிகடுகம், ஏலாதி, சிறுபஞ்சமூலம் என்னும் மூன்றும் மருந்தின் பெயரைப் பூண்டு விளங்குகின்றன. சுக்கு, மிளகு, திப்பிலி என்னும் மூன்றும் சேர்ந்தது திரிகடுகம். ஏலத்தை முதலாகக் கொண்ட ஆறு பொருள்களின் சேர்க்கை ஏலாதி. கண்டங்கத்திரி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சி ஆகிய ஐந்தின் வேர்களைக் கொண்டது சிறுபஞ்சமூலம். மருந்து உடற்பிணியைப் போக்குதல் போல, இந்நூல்கள் உரைக்கும் அறங்கள் உள்ளப்பிணியைப் போக்கும் என்பது கருத்து. படிப்போர் அம்மருந்துகளை முன்னரே அறிந்திருந்தாலன்றி இவ்வுவமை அவர்க்கு விளங்காதன்றோ? ஆகவே, அறநூல் தோன்றுமுன்னரே அம்மருந்துகள் மக்களிடையே பயின்று வந்தன எனக் கொள்ளலாம்.

அப்பயிற்சி இன்றும் முற்றும் மறைந்துவிடவில்லை. அஞ்சறைப்பெட்டியில் இருக்கும் சீரகமும் மிளகும் கொத்துமல்லி விதையும் உணவுப் பொருள்கள் மட்டுமல்ல. வேண்டும்போது மருந்துப் பொருள்களும் ஆகும். மழைக்காலத்து மாலையில் பல இல்லங்களில் சுக்குமல்லிக் காப்பி காய்ச்சுவர். பெயரில் காப்பி உண்டேயன்றி, அதில் காப்பிக்கொட்டை இல்லை. கொத்துமல்லி விதை நான்கு பங்கு, சுக்கு ஒரு பங்கு, சீரகம் ஒரு பங்கு, மிளகு அரைப்பங்கு எனக் கொண்டு, இளவறுப்பாக வறுத்துப் பொடித்து வைத்துக்கொள்வர். இரண்டு குவளை நீருக்கு ஒரு தேக்கரண்டிப் பொடியும் சிறிது கருப்பட்டியும் இட்டு, ஒன்றரைக் குவளையாக வற்றும்வரை காய்ச்சி, வடிகட்டிச் சூட்டோடு பருகுவர். இவ்வளவு வீட்டுக்கு வீடு சிறிது வேறுபடும். தொண்டைக்கு இதமும், பசிக்குத் தூண்டுதலும், உடலுக்கு வெம்மையும் இதனால் உண்டாகும். நீர் நன்கு கொதிப்பதனால் அதிலுள்ள நோய்க்கிருமிகளும் அழிகின்றன. தேயிலையிலும் காப்பியிலும் உள்ள காஃபீன் இதில் இல்லாமையால், இரவில் பருகினும் உறக்கம் கெடாது.

எளிதாகத் தோன்றும் இச்செயலில் அடங்கியுள்ள அறிவு எளிதன்று. அதனை விளக்க ஓர் இல்லத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். சிற்றூர் ஒன்றில் மூதாட்டி ஒருத்தி இருந்தாள். எழுத்தறியாதவள், ஆயினும் அண்டை அயலார் அவளிடம் குடிநீர்ப் பக்குவம் கேட்டுச் செல்வர். பள்ளியில் பயிலும் அவள் பேர்த்தி ஒருநாள், “பாட்டி, எதை எதை எவ்வளவு போடுவது என்று சொல்லுங்கள், ஏட்டில் எழுதிக்கொள்கிறேன்” என்றாள். மூதாட்டி நகைத்து, “போடுவதை எழுதிக்கொள்வாய், அம்மா, போடக்கூடாததையும் எழுதிக்கொள்” என்றாள். பேர்த்திக்கு அதன் பொருள் அன்று விளங்கவில்லை. நாளடைவில் அவள் பாட்டியிடம் கற்றவை நான்கு. அவையாவன: அடையாளம், பக்குவம், அளவு, எல்லை.

முதலாவது அடையாளம். ஒரு மூலிகைக்குப் பல பெயர் இருத்தலும், ஒரு பெயர் பல மூலிகைக்கு வழங்குதலும் உண்டு. கர்ப்பூரவல்லி, ஓமவல்லி என்னும் இரு பெயரும் ஒரு செடியையே குறிக்கும். கரிசலாங்கண்ணி என்பதோ வெண்ணிறப் பூவுடையது, மஞ்சட்பூவுடையது என இருவேறு செடிகளுக்குப் பெயராயிற்று. ஆவாரம்பூவும் மஞ்சள் நிறம். மஞ்சள் அரளிப் பூவும் மஞ்சள் நிறம். முன்னது பருகத் தக்கது. பின்னதன் செடி முழுவதும் நஞ்சு. நிறத்தை மட்டும் கண்டு பறிப்போர்க்கு நேரும் கேடு சொல்லவும் வேண்டுமோ? ஆகவே, இலையின் அமைப்பு, பூவின் இதழ், மணம், வளரும் இடம் ஆகிய அனைத்தும் ஒத்திருத்தலைக் கண்ட பின்னரே பறித்தல் வேண்டும். ஐயம் தோன்றுமாயின் கைவிடுதலே அறிவுடைமை. சாக்கடை ஓரத்தும், பூச்சிமருந்து தெளித்த வயலின் வரப்பிலும் வளர்ந்தவை அடையாளம் ஒத்திருப்பினும் கொள்ளத் தக்கன அல்ல. பூசணம் பூத்த சரக்கும் அத்தகையதே.

இரண்டாவது பக்குவம். மெல்லிய பூவையும் தளிரையும் நெடுநேரம் கொதிக்கவிடுதல் கூடாது. துளசி போன்றவற்றின் மணத்திற்குக் காரணமான எண்ணெய் ஆவியோடு வெளியேறிவிடும். ஆதலின், கொதிநீரை அவற்றின்மேல் ஊற்றி, மூடிவைத்துச் சிறிது நேரம் ஊறவிட்டு வடித்தெடுப்பர். வேரும் பட்டையும் வன்மையானவை. அவற்றை நசுக்கி, மெல்லிய தீயில் நெடுநேரம் காய்ச்சினாலன்றிச் சத்து இறங்காது. நூலார் அவற்றை நான்கில் ஒன்றாகவும், எட்டில் ஒன்றாகவும் வற்றக் காய்ச்சுமாறு விதித்தனர். சுக்கின் மேல்தோலைச் சீவி நீக்குதல் வேண்டும்; கடுக்காயின் உள்ளிருக்கும் கொட்டையை நீக்குதல் வேண்டும். புளிப்புடைய பொருளை ஈயம் பூசாத பித்தளைக் கலத்திலும் செப்புக் கலத்திலும் காய்ச்சுதல் தீது, மட்பாண்டம் நன்று. காய்ச்சிய குடிநீரின் ஆயுள் ஒரு சாமம், அதாவது 3 மணி நேரம், என்று சித்த மருத்துவ நூல் வரையறுக்கின்றது. காலையில் காய்ச்சியதை மாலையில் சுடவைத்துப் பருகுதல் அவ்விதிக்கு மாறாகும்.

பக்குவம் பிறழ்ந்தால் நல்ல மூலிகையும் பயனின்றி ஒழியும் என்பதற்குச் சீன நாட்டில் ஒரு சான்று உண்டு. மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்து தேடிய து யூயூ என்னும் அறிஞர், மாசிபத்திரியின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியை ஆராய்ந்தார். தொடக்கத்தில் அச்செடியினின்றும் நிலையான பயன் கிட்டவில்லை. பின்னர், கி.பி. நான்காம் நூற்றாண்டினரான கே ஹொங் என்பார் எழுதிய மருத்துவ நூலை மீண்டும் பயின்றபோது, அச்செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து பருகுமாறு அதில் கூறப்பட்டிருத்தலைக் கண்டார். காய்ச்சுமாறு கூறப்படவில்லை! மிகுந்த வெப்பமே அதன் ஆற்றலை அழித்திருத்தல் கூடும் என உணர்ந்து, 1971ஆம் ஆண்டில் குறைந்த வெப்பத்தில் ஈதரைக் கொண்டு சத்தினைப் பிரித்தெடுத்தார். ஆர்ட்டெமிசினின் என்னும் அருமருந்து அவ்வழியே கிடைத்தது. அதற்காக 2015ஆம் ஆண்டில் அவருக்கு நோபெல் பரிசு வழங்கப்பெற்றது. பழநூலின் ஒரு சிறு குறிப்பை ஊன்றிப் படித்ததன் பயன் அது. படித்ததனோடு நில்லாது, ஆய்வுக்கூடத்தில் பலமுறை சோதித்து உண்மை கண்டதும் அவர்தம் பெருமையாம்.

மூன்றாவது அளவு. மூன்று விரல்களால் எடுக்கும் அளவினை மருத்துவ நூலார் திரிகடி என்பர். மூதாட்டியின் அளவுகோலும் அதுவே. பேர்த்தி ஒருநாள் கைநிறையச் சுக்குப்பொடியை அள்ளியபோது, “அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு” என்னும் பழமொழியைச் சொல்லி அவள் கையைத் தடுத்தாள். இனிப்புடைய அதிமதுரத்தை நாள்தோறும் மிகுதியாக உட்கொண்டால் குருதி அழுத்தம் உயரும். உடலிலுள்ள பொட்டாசியச் சத்துக் குறையும். இருமலுக்கு நன்மருந்தாகிய ஆடாதோடை கருவுற்ற மகளிர்க்கு ஆகாது. தேன் இனியதேனும், ஓராண்டு நிரம்பாத குழந்தைக்கு அதனை ஊட்டுதல் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் குழந்தையின் குடலில் பெருகி நஞ்சினை உண்டாக்கும். நாள்தோறும் வேறு மருந்துண்டு வருவோர் புதிய குடிநீர் ஒன்றைத் தொடங்குமுன் மருத்துவரைக் கேட்டல் வேண்டும். திருவள்ளுவர் தம் நூலின் 95ஆம் அதிகாரத்திற்கு மருந்து எனப் பெயரிட்டார். எனினும் அதன் பத்துக் குறட்பாக்களிலும் ஒரு மூலிகையின் பெயரேனும் இல்லை. மிகுதியும் குறைவும் நோய் செய்யும் என்று தொடங்கி, அளவறிந்து உண்ணுதலையே அவர் வற்புறுத்துகின்றார். அளவே முதல் மருந்து என்பது அவர் உள்ளக் கருத்துப் போலும்.

நான்காவதும் தலையாயதும் எல்லை. தமிழ்நாட்டில் 2012ஆம் ஆண்டில் டெங்குக் காய்ச்சல் பரவியபோது, அரசு நிலவேம்புக் குடிநீரை மக்களுக்கு வழங்கிற்று. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சவேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என்னும் ஒன்பது பொருள்கள் கொண்டது அது. 2020ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்று வந்தபோது, 15 பொருள்கள் கொண்ட கபசுரக் குடிநீர் வீடுதோறும் பேசப்பட்டது. இவற்றைப் பருகியோர் பலர். ஆயின், பருகிவிட்டோம் என்னும் துணிவினால் மருத்துவமனைக்குச் செல்லக் காலம் தாழ்த்துதல் பெருந்தீங்காகும்.

அம்மூதாட்டியின் இல்லத்திலும் அப்படியொரு சோதனை வந்தது. பேர்த்தியின் தம்பிக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. மூதாட்டி கஞ்சியும் இளநீரும் குடிநீரும் கொடுத்துப் பார்த்துக்கொண்டாள். நான்காம் நாள் காலையில் காய்ச்சல் தணிந்தது. வீட்டார் மகிழ்ந்தனர். சிறுவனோ எழுந்து விளையாடவில்லை. வயிறு வலிக்கின்றது என்றான். இருமுறை வாந்தி எடுத்துத் துவண்டு படுத்தான். மூதாட்டி அவன் கையைத் தொட்டாள், அது சில்லிட்டிருந்தது. உடனே எழுந்து அடுப்பை அணைத்து, “வண்டி கொண்டு வரச் சொல்லுங்கள், மருத்துவமனைக்குப் போக வேண்டும்” என்றாள்.

“காய்ச்சல்தான் விட்டுவிட்டதே, பாட்டி! இன்னும் ஒரு வேளை குடிநீர் கொடுத்துப் பார்க்கலாகாதா?” என்று பேர்த்தி கேட்டாள்.

“காய்ச்சல் விட்டது, பிள்ளை தெளியவில்லையே, அம்மா! என் அடுப்புக்கு எட்டாத நோய் இது. இனி இங்கே காய்ச்சுவது மருந்தன்று, காலத்தைப் போக்குவதே” என்றாள் மூதாட்டி.

மருத்துவர்கள் சிறுவனைச் சோதித்து, டெங்குக் காய்ச்சல் எனக் கண்டனர். அந்நோயில் காய்ச்சல் தணியும் வேளையிலேயே பேரிடர் தொடங்குதல் உண்டு. கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, பல்லீறில் குருதி கசிதல், சோர்வு ஆகியவை அதன் அறிகுறிகள். அவர்கள் உடனே நரம்பின் வழியே நீர்மருந்தைச் செலுத்தி இரவும் பகலும் கண்காணித்தனர். சில நாளில் சிறுவன் தேறி வீடு திரும்பினான். அன்று மாலை பேர்த்தி தன் ஏட்டை எடுத்து, குடிநீர்ப் பக்குவங்கள் எழுதிய பக்கத்தின் தலைப்பில், “அடுப்பை அணைக்க வேண்டிய நேரத்தை அறிக” என்று எழுதினாள். போடக்கூடாததையும் எழுதிக்கொள் என்று பாட்டி கூறியதன் பொருள் அவளுக்கு அப்பொழுது நன்கு விளங்கிற்று.

இல்லக் குடிநீரைப் பற்றி இரு திறத்தார் பிழைபடக் கருதுகின்றனர். பழையது என்னும் ஒரு காரணத்தாலே அதனை இகழ்வோர் ஒரு திறத்தார். பழையது என்னும் அதே காரணத்தாலே அதனை எந்நோய்க்கும் மருந்தென நம்புவோர் மற்றொரு திறத்தார். இருவரும் ஆராயாதவரே. சித்த மருத்துவத்தை முறையாகக் கற்பிக்கும் அரசுக் கல்லூரி பாளையங்கோட்டையில் 1964ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. தாம்பரத்தில் 2005ஆம் ஆண்டுமுதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இயங்கி வருகின்றது. முன்னோர் மொழிந்தவற்றை ஆய்ந்து கொள்ளற்பாலனவற்றைக் கொள்ளுதற்கு இத்தகைய நிலையங்கள் துணைபுரியும்.

சிறு தடுமனுக்கும் செரியாமைக்கும் அடுக்களையே போதும் என்னும் துணிவும், பெருநோய்க்கு அது போதாது என்னும் தெளிவும் ஒருங்கே அமைதல் வேண்டும். அவ்விரண்டும் அமைந்த முதியோர் இன்றும் நம் இல்லங்களில் உள்ளனர். மாணவர்கள் அவர்கள்பால் அமர்ந்து, செடியின் பெயரும் அடையாளமும், காய்ச்சும் பக்குவமும், கொள்ளும் அளவும் கேட்டு எழுதிவைத்தல் நன்று. தாமே பறித்துத் தாமே பருகிப் பார்த்தல் நன்றன்று. கேட்டு எழுதும் ஏட்டில், எல்லையைக் குறிப்பதற்கு ஒரு பக்கத்தை ஒதுக்கிவைக்க மறத்தல் ஆகாது.