ஏறிய குதிரையை இறக்கும் வழி

செஞ்சி என்னும் பெயரைக் கேட்டவுடன் தமிழ்மக்கள் உள்ளத்தில் ஒரு குதிரை பாய்ந்து வரும். அது தேசிங்கு ராஜனது குதிரை. எவராலும் அடக்கவொண்ணாத பரியொன்றை இளைஞனாகிய தேசிங்கு டில்லி மாநகரில் அடக்கினான் என்று நாட்டுக் கதைப்பாடல் கூறும். ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானோடு பொருது 1714-ஆம் ஆண்டில் அவன் மாண்டமை வரலாறு. யாம் ஈண்டு ஆராயப் புகுந்தது பிறிதொரு குதிரையை. துப்பாக்கியில் நெருப்பெழுப்பும் உறுப்பிற்கும் நம்மவர் குதிரை என்றே பெயரிட்டனர். பின்னே இழுத்து நிறுத்தப்பட்டு, விசையைத் தொட்டவுடன் முன்னே பாய்வது அதன் இயல்பு. பாய்வதற்குத் துடித்து நிற்கும் அக்குதிரையைப் பாயவிடாமல் இறக்குவது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் பொருள். தமிழ் பயிலும் மாணவர்க்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு என வினவுவார்க்கு, அது எம்மை வந்தடைந்த வரலாற்றையே விடையாகக் கூறுவோம்.

சென்ற தைத் திங்கள் விடுமுறையில் தமிழ் ஆனர்ஸ் வகுப்பினராகிய யாம் அறுவர் செஞ்சிக்குச் சென்றோம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்னும் மூன்று குன்றுகளையும் மதிலால் பிணைத்து ஓர் அரணாக்கிய அக்கோட்டை, 2025-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாயிற்று. மராத்தியர் படைநிலங்கள் என்ற தலைப்பில் ஏற்கப்பெற்ற பன்னிரண்டு கோட்டைகளுள் பதினொன்று மகாராட்டிரத்தில் உள்ளன. எஞ்சிய ஒன்று நம் செஞ்சி.

எம்முடன் தோழர் ஒருவரின் தந்தையாரும் வந்திருந்தார். காவல்துறையில் நெடுங்காலம் பணிபுரிந்து ஓய்வுபெற்றவர். அவரது இடக்கையில் சுண்டுவிரலும் அதனை அடுத்த விரலும் இல்லை. அதுபற்றி யாம் ஒருநாளும் கேட்டதில்லை. ராஜகிரியின் உச்சியில் கிடக்கும் பழைய பீரங்கியின் வாயில் எம்முள் ஒருவர் விளையாட்டாகத் தலையை நீட்டி, "இதற்குள் மருந்து இருக்குமோ?" என்று நகைத்தார். பெரியவர் நகைக்கவில்லை. "தம்பி, வெறுந்துப்பாக்கி என்று நினைத்த துப்பாக்கிதான் ஆளைச் சுடும்," என்று கூறித் தம் இடக்கையை எமக்குக் காட்டினார்.

நிகழ்ந்தது இதுவே. ஒருநாள் பணி முடிந்து தம் கைத்துப்பாக்கியைத் துடைத்து வைப்பதற்காக அதனைப் பிரிக்கத் தொடங்கினார். முதலில், ஸ்லைடு எனப்படும் மேலுறையைப் பின்னுக்கு இழுத்து விட்டார். குழலறையில் இருந்த தோட்டா வெளியே துள்ளி விழுந்தது. பின்னர்ப் பிடிக்குள் இருந்த தோட்டாக்கூட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அறையிலிருந்ததும் போயிற்று, கூடும் போயிற்று. ஆதலின் துப்பாக்கி வெறுமையாயிற்று என்று துணிந்தார். அவ்வகைத் துப்பாக்கியைப் பிரிக்கவேண்டின், உள்ளே ஏறிநிற்கும் ஊசியை முன்னர் இறக்கவேண்டும். அதனை இறக்குதற்கு விசையை இழுத்தலன்றி வேறு வழியில்லை. விசையை இழுத்தார், துப்பாக்கி வெடித்தது.

செய்த செயல்கள் இரண்டும் செய்யத்தக்கனவே, முறைதான் மாறிற்று. கூட்டைக் கழற்றுமுன் மேலுறையை இழுத்தமையால், அது மீண்டு முன்சென்றபோது கூட்டிலிருந்த அடுத்த தோட்டாவை அறைக்குள் தள்ளிவிட்டது. கூட்டை முதலிற் கழற்றிப் பின் மேலுறையை இழுத்து, அறையைக் கண்ணாலும் விரலாலும் ஆராய்ந்திருப்பின் அத்தீங்கு நேர்ந்திராது. "தப்பு என்னுடையதுதான், தம்பி. இருபது வருஷம் சரியாகச் செய்தேன், ஒருநாள் மறந்தேன்," என்றார் அவர். யாம் மறுமொழி கூறவில்லை. ஆயினும் மலையினின்று இறங்குங்கால் எம் உள்ளத்தில் ஒரு வினா நின்றது. கொல்லுதற்கு ஒரு விசை. ஆயுதத்தை ஓய்வுறுத்துதற்கும் அதே விசையா?

இவ்வினாவிற்கு விடைகாண யாம் முதலில் வில்லை நோக்கினோம். வில்லாளன் நாணைச் செவியளவும் இழுத்தபின் எய்ய விரும்பானாயின், இழுத்த கையாலேயே மெல்லத் தளர்த்தலாம். ஏனெனில் வில்லை வளைத்து நிறுத்துவது அவனது தோள்வலி. தோள் சோருமுன் அவனே அறிவான். சிலப்பதிகாரம் மதுரை மதிலின் பொறிகளைக் கூறுமிடத்து வளைவிற்பொறி என ஒன்றை உரைக்கின்றது. தானே வளைந்து எய்யும் பொறி அஃது என்பர். அத்தகைய பொறி தோன்றியபோதே நிலைமை மாறிற்று. வலி மனிதனது தோளைவிட்டுக் கருவிக்குட் புகுந்தது. கருவி தான் பெற்ற வலியை மறவாது. மனிதனோ அதனைக் கருவிக்குள் வைத்ததையே மறந்துவிடுவான். துப்பாக்கியால் நேரும் விபத்துக்கள் பலவற்றின் வேர் இதுவே என்பது எம் துணிபு.

தேசிங்கின் காலத்துப் படைவீரர் பெரும்பாலும் ஏந்தியது திரித்துப்பாக்கி. வெடியுப்பில் ஊறிய கயிற்றுத்திரி கனன்றுகொண்டிருக்கும். விசையை இழுத்தால் திரி தாழ்ந்து கிண்ணத்திலுள்ள மருந்தைத் தொடும். அதனை ஓய்வுறுத்துதல் எளிது. திரியை அகற்றினாற் போதும். நெருப்பு கண்ணுக்குத் தெரியும், புகை மூக்கிற்குத் தெரியும். ஆகவே ஆயுதம் விழித்திருக்கின்றதா உறங்குகின்றதா என்ற ஐயம் எழாது. 1750-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி இரவோடிரவாகச் செஞ்சியைக் கைப்பற்றியபோது, ஐரோப்பிய வீரர் கையிலிருந்தது சக்கிமுக்கித் துப்பாக்கி. அதிற்றான் குதிரை உண்மையிலேயே ஏறி நிற்கும். முழு ஏற்றம், அரை ஏற்றம் என இரு படிகள் அதற்கு உண்டு. அரை ஏற்றத்தில் விசை இழுபடாது. முழு ஏற்றத்தினின்று அரை ஏற்றத்திற்கு இறக்கவேண்டின், கட்டைவிரலால் குதிரையைப் பற்றிக்கொண்டு, விசையை இழுத்து, மெல்ல விடவேண்டும். வியர்த்த விரல் வழுக்குமாயின் வெடி தப்பாது. ஓய்வுறுத்துதற்கும் கொல்லும் விசையையே தொடவேண்டும் என்னும் இடர் அன்றே தோன்றிவிட்டது.

இவ்விடரைத் தீர்க்கும் முயற்சிகளுள் சிறந்ததொன்று 1929-இல் ஜெர்மானியர் வெளியிட்ட வால்தர் பிபி என்னும் கைத்துப்பாக்கியில் அமைந்தது. அதன் பக்கத்திலுள்ள நெம்பினைத் தாழ்த்தினால், முதலில் சுடும் ஊசி பூட்டப்படும். அதன்பின்னரே குதிரை விழும். விழும் குதிரை தோட்டாவை எட்டாது. விசையைத் தொடவேண்டுவதில்லை, விரலின் திறமையை நம்பவேண்டுவதுமில்லை. முதலிற் பூட்டு, பின்னர் விடுவிப்பு என்னும் இம்முறையை அன்பர்கள் நினைவிற் கொள்க. மேல் வருவனவற்றிற்கெல்லாம் அடிப்படை இதுவே.

இனி, குதிரையே இல்லாத துப்பாக்கிக்கு வருவோம். இக்காலத்துக் கைத்துப்பாக்கிகளுட் பலவற்றில் வெளியே தெரியும் குதிரை இல்லை. ஸ்டிரைக்கர் எனப்படும் குத்தூசி ஒன்று, சுருள்வில்லால் உந்தப்பட்டு, மேலுறைக்குள்ளே மறைந்து நிற்கும். அதனைப் பாயவிடாமல் ஒரு பற்றுநாக்கு பிடித்துக்கொண்டிருக்கும். விசையை இழுத்தால் நாக்கு விலகும். ஊசி நேரே சென்று தோட்டாவின் அடியைக் குத்தும். உறுப்புக்கள் குறைவு, ஆடையிற் சிக்குவதற்கு வெளியில் ஒன்றும் இல்லை. இவை நன்மைகள். ஆனால் ஏறிநிற்கும் ஊசியைக் கட்டைவிரலாற் பற்றி இறக்க இயலாது. உள்ளே இருப்பதைப் பற்றுவது எங்ஙனம்?

அறிஞர் பலர் இவ்வினாவிற்குப் பலவாறு விடை கூறினர். ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் குதிரைப்படைக்கென 1907-இல் ஏற்கப்பெற்ற ராத்-ஸ்டையர் கைத்துப்பாக்கியில் ஊசி ஓரளவே ஏறிநிற்கும். எஞ்சிய ஏற்றத்தை விசையை இழுக்கும் விரலே முடிக்கவேண்டும். குதிரையின் துள்ளலால் தானே வெடித்துவிடாமைப்பொருட்டு அவ்வாறு அமைத்தனர். ஆஸ்திரியப் படை 1982-இல் ஏற்ற கிளாக் துப்பாக்கியும் ஊசியை ஓரளவே ஏற்றிவைத்து, விசையை இழுத்தாலன்றி ஊசி செல்லாதவாறு அதன் வழியில் ஒரு தடையும் வைத்தது. கீழே விழுந்தாலும் வெடியாத நற்கருவி அது. ஆயினும் அதனைப் பிரிக்குமுன் விசையை இழுத்தே ஊசியை இறக்கவேண்டும். அறை வெறுமையா என ஆராயும் பொறுப்பு முழுதும் மனிதனையே சாரும்.

மேற்கு ஜெர்மனிக் காவலர்க்கென 1970-களில் ஹெக்லர்-கோக் நிறுவனத்தார் அமைத்த பி7 வேறொரு வழி சென்றது. பிடியின் முன்புறத்தை அழுத்தினால் ஊசி ஏறும். அழுத்தத்தை விட்டால் தானே இறங்கும். வில்லாளன் தோளுக்கு ஒப்பாக இங்கே கைப்பிடி நின்றது. கருவிக்குட் சென்ற வலி மீண்டும் மனிதன் கைக்கு வந்தது. 1990-களில் வந்த வால்தர் பி99-இல் மேலுறையின் மேற்புறத்தில் ஒரு பொத்தான் பதிக்கப்பட்டது. அதனை அழுத்தினால், விசையைத் தொடாமலே பற்றுநாக்கு விலகி ஊசி இறங்கும். விசை இழுபடாமையால் ஊசிவழித் தடை தன் இடத்திலேயே நிற்கும். அறையில் தோட்டா இருப்பினும் ஊசி அதனை எட்டாது. பழைய பிபி கற்பித்த பாடமே இங்குப் புத்துருப் பெற்றது. ஸ்மித்-வெஸன் நிறுவனத்தார் 2005-இல் வெளியிட்ட எம்-அண்ட்-பி துப்பாக்கியிலோ, பற்றுநாக்கை விலக்கும் சிறு நெம்பு உள்ளே இருக்கின்றது. தோட்டாக்கூட்டைக் கழற்றி, மேலுறையைப் பின்னிழுத்துப் பூட்டினாலன்றி அதனை விரல் எட்டாது. பிரிக்க முற்படுவோன் அதனைத் தாழ்த்தும்போது அறை அவன் கண்முன்னே திறந்து கிடக்கும்.

இவற்றை ஒப்புநோக்கி, பாதுகாப்பான இறக்குபொறிக்கு மூன்று இலக்கணம் வகுக்கின்றோம். ஒன்று: இறக்கும் செயல், சுடும் விசையினின்று வேறாதல் வேண்டும். இரண்டு: ஊசி விடுபடுமுன் அதன் வழி அடைபடல் வேண்டும். மூன்று: முறை பிறழ்ந்து செய்வானாயின் கருவி இணங்காது நிற்றல் வேண்டும். பெரியவர் கையிலிருந்த துப்பாக்கி இறக்கும் வேலையில் முதலாவதையும் மூன்றாவதையும் பெற்றிலது. அவற்றுள் ஒன்று இருந்திருப்பினும் அவர் விரல்கள் எஞ்சியிருக்கும்.

இரண்டாம் இலக்கணத்தைச் செஞ்சியே நமக்கு விளக்கும். ராஜகிரியின் உச்சியை அடையுமுன் பாறையில் ஓர் ஆழ்ந்த பிளவு குறுக்கிடுகின்றது. அதனைச் சிறு பாலத்தாற் கடக்கவேண்டும். பாலத்தை எடுத்துவிட்டால் உச்சிக்கு வழியில்லை. கீழ்வாயிலில் நிற்கும் காவலன் உறங்கலாம், மறக்கலாம், ஏமாறலாம். பிளவோ உறங்காது, மறவாது. காவலனை வேண்டாவென்று கோட்டை கட்டியோர் நீக்கிவிடவில்லை. காவலன் தவறும் நாளுக்கென்று பிளவையும் துணைக்கொண்டனர்.

இதற்குத் தடை கூறுவார் உளர். பயிற்சி செவ்வனே இருப்பின் பொறி எற்றுக்கு என்பர். பொறி கூடக்கூட மனிதன் கவனம் குறையும் என்பர். பொத்தான் தவறி அழுந்தினால் ஆபத்து வேளையில் துப்பாக்கி உடனே உதவாது என்றும் கூறுவர். மூன்றாம் தடை ஓரளவு வலியுடையதே. ஆயினும் பி99-இல் ஊசி இறங்கியபின்னும் விசையை நெடிதாக இழுத்துச் சுடலாம். உள்ளமைந்த நெம்புக்கோ அத்தடை பொருந்தாது. இரண்டாவது தடை எச்சரிக்கையே. எப்பொறி இருப்பினும் கூட்டை முதலிற் கழற்றுக, அறையை ஆராய்க, குழல்வாயை ஒருவரையும் நோக்காது வைக்க என்பன நீங்காக் கடமைகள். முதல் தடைக்கு விடையாகப் பெரியவரது இடக்கை ஒன்றே சாலும். இருபது ஆண்டு பயின்ற கை அது.

ஆயுதமே இல்லாத நாள் வரவேண்டும் என்பது எம் விருப்பம். அந்நாள் வருங்காறும், ஆயுதம் தாங்குவோர் நம் தந்தையரும் தமையன்மாருமே. பணி முடிந்து அவர்கள் ஆயுதத்தை இறக்கிவைக்கும் அவ்வேளையிலேனும் அஃது அவர்களை ஊறு செய்யாதிருத்தல் வேண்டும். குதிரையை ஏற்றக் கற்பித்தவர் இறக்கவும் வழி வகுத்தல் கடன். தேசிங்கு பாயும் பரியை அடக்கியதைப் பாடி மகிழும் நாம், மறைந்து நிற்கும் இவ்விரும்புக் குதிரையை அடக்க முயலும் கைவினைஞரையும் அறிந்து போற்றுவோமாக.